மூன்று மரத்து வில்

வச்சிரம் உருகும்போது எழும் மணத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முகராதவர்கள், மழையில் ஊறிய பழைய செருப்பை யாரோ அடுப்பில் வைத்து அவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். மரவேலைக்காரர்கள் அந்தக் காலத்தில் பலகையோடு பலகை ஒட்டுவதற்குப் பாவித்த பசை அது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த நாளில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அப்பா அதைப் பழைய தகரப் பால் ரின் ஒன்றுக்குள் போட்டு, ரின்னைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி, அம்மாவின் அடுப்பில் வைத்துவிட்டார். சாமிப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா மூக்கைச் சுளித்து, "இதென்னப்பா நாத்தம்?" என்று கேட்க, "மரப் பிசின்" என்று அப்பா சொன்னார். அந்தப் பொய் அடுத்த நிமிடம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வாசலால் போன பக்கத்து வீட்டு எமில் அங்கிள் நின்று காற்றை இழுத்துப் பார்த்து, "என்ன அக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்கட வீட்டில மாட்டெலும்பு சூப்பா?" என்று கேட்டுவிட்டார். வச்சிரம் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சித்தான் எடுப்பது.

"என்ர அடுப்பில மாடோ!" என்று அம்மா போட்ட சத்தத்தோடு சட்டியும் ரின்னும் முற்றத்தில் போய் விழுந்தன. அன்றைக்கு அடுப்பு மஞ்சள் தண்ணீரில் குளித்தது. அப்பா ரின்னைப் பொறுக்கிக்கொண்டுபோய், பொதுப் பைப்படிக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லை வைத்து நெருப்பு மூட்டினார். எங்கள் வில் அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் இருந்த இடத்தைத் "தோட்டம்" என்பார்கள். செடி கொடி தேடக் கூடாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்ட வீடுகள், எல்லோருக்குமாக ஒரு பைப், கடைசியில் தகரக் கூரை போட்ட இரண்டு "கக்கூசு", அவ்வளவுதான் தோட்டம். அங்கே பெரும்பாலும் துறைமுகத்தில் வேலை செய்த கத்தோலிக்கக் குடும்பங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவர்கள் என்று நாங்கள் ஒரு வீடுதான். அப்பா மருதானையில் ஒரு மரக்கடையில் சாமான் அனுப்புகிற பெட்டிகள் அடித்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட நானும் அவரோடு போய் ஆணி பொறுக்கி, பலகை அடுக்கி வந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. உயரமாக வளர்ந்துவிட்டேனே தவிர, யாராவது பெயர் கேட்டால்கூட அம்மாவின் முகத்தைப் பார்க்கிற பிள்ளை.

தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த கத்தோலிக்கக் கோவிலில் ஒவ்வொரு தை மாதமும் செபஸ்தியார் திருநாளுக்குக் கூத்து ஆடுவார்கள். வேதத்தை விடமாட்டேன் என்று நின்ற புனிதரைத் தூணில் கட்டி அம்பெய்கிற கதை. கட்டுகிற வரைக்கும் சனம் மூக்கைச் சீறி அழும். அம்பு விட்டதும் சிரிக்கும். ஏனென்றால் வில் என்று அவர்கள் வைத்திருந்தது நூல் கட்டி வளைத்த ஒரு பிரம்பு. அதிலிருந்து கிளம்புகிற அம்பு, வெள்ளித்தாள் சுற்றிய ஈர்க்கு, எய்தவனுடைய காலடியிலேயே விழுந்துவிடும். விழுந்த அம்பைப் பார்த்துக்கொண்டு புனிதர் செத்துப்போவார். அதற்கு முந்தைய வருடம் கூட்டத்திலிருந்து ஒருவர், "பொறுங்க செபஸ்தியார், இன்னும் படேல்ல!" என்று கத்தியிருந்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அண்ணாவியாரை அரித்துக்கொண்டிருந்தது. கூத்தைப் பழக்கி, மேடையில் கைத்தாளம் போட்டுப் பாடி நடத்துகிறவரை அண்ணாவியார் என்பார்கள். எங்கள் அண்ணாவியார் மன்னாரிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்தவர். ஒருநாள் எங்கள் வாசலில் வந்து குந்தியிருந்து அப்பாவிடம் கேட்டார். "லிங்கம், என்ர அப்பன் காலத்தில இருந்து இந்தக் கூத்த ஆடுறம். பாட்டுக்கு அழுறாங்கள். கட்டேக்க அழுறாங்கள். அம்பு விட்டாச் சிரிக்கிறாங்கள். ஒருக்கா, ஒரே ஒருக்கா, அந்த இடத்தில ஒருத்தரும் சிரிக்காம நான் பாக்கவேணும். நீ மரவேலைக்காரன். எனக்கொரு வில்லுச் செய்து தா. உன்ர பொடியன் வந்து எய்யட்டும்."

என்னைக் கேட்டதற்கும் காரணம் இருந்தது. புனிதருக்கு அம்பு விட்டவன் வீட்டில் அந்த வருடம் நோய் நொடி வரும் என்று கோவில் ஆட்களிடையே ஒரு பயம். அதனால் அந்த வேடத்தை அவர்கள் எப்போதும் வெளியாள் ஒருவன் தலையில்தான் கட்டுவார்கள். "கதைக்கத் தேவையில்ல தம்பி. வா, நில், இழு, விடு, போ," என்று அவர் சொன்னபோது, உலகத்திலேயே எனக்காகச் செய்துவைத்த வேலை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

அம்மாதான் சம்மதிக்கவில்லை. "அவையின்ர சாமிக்கு நாங்கள் அம்பு விடுறதோ? நாளைக்கு அவருக்கும் எங்களுக்கும் ஒரு பிரச்சினை வரக்கூடாது." கடைசியில், வாய் திறக்காத பிள்ளை சபையில் போய் நிற்கப்போகிறானே என்ற ஆசை அம்மாவை வென்றது.

அப்பாவும் வில் செய்தவரல்ல. முதலில் நல்ல கமுகஞ் சலாகை ஒன்றைச் சீவி, என் உயரத்துக்கு மேல் ஒரு முழம் வைத்து வெட்டி, இரண்டு பக்கமும் மெலிதாக்கிக் கயிறு கட்டினார். நான் இழுத்தேன். பட்டாசு வெடித்ததுபோல நடுவால் முறிந்தது. முறிந்த இடத்தைப் பெட்டிக்காரருக்கே உரிய முறையில் நகத்தால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு தடிய நம்பினா அது ஒரு இடத்தில ஏமாத்தும். மூண்ட ஒட்டினா மூண்டும் ஒரே இடத்தில ஏமாத்தாது."

அப்படித்தான் மூன்று மரம் சேர்ந்தது. எய்கிறபோது வெளிப்பக்கம் இழுபடுகிறது, அதற்கு மூங்கில். உட்பக்கம் நெரிபடுகிறது, அதற்குக் கித்துள், கூரைச் சலாகைக்குப் போடுகிற கரிய, இரும்பு போன்ற மரம். நடுவில் கடையில் மிஞ்சிய பெட்டிப் பலகையிலிருந்து கீறியெடுத்த மெல்லிய துண்டு. மூன்றையும் காகிதம்போல மட்டமாகச் சீவ வேண்டும், இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. நான் ஒரு கண்ணை மூடி விளக்குக்கு நேரே பிடித்து, "தெரியுது" என்பேன்; அப்பா மறுபடியும் சீவுவார். நீளப் பலகையொன்றில் வளைவாக ஆணிகள் அடித்து, சூட்டோடு வச்சிரம் பூசிய மூன்று துண்டையும் அந்த வளைவுக்குள் படியவைத்து, சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி நுனியிலிருந்து நுனிவரை இறுக்கிச் சுற்றினோம். நான் இழுத்துப் பிடிக்க அவர் சுற்றுவார். கை சோர்ந்தால் அவர் பிடிக்க நான் சுற்றுவேன்.

ஆனால் அது மழைக்காலம். கொழும்பில் அந்த மாதங்களில் சுவரே வியர்க்கும். நாங்கள் பொறுமையாகக் காத்திருந்து ரியூப்பை அவிழ்த்தபோது, மரங்கள் வாழைமடல்போலத் தனித்தனியே உரிந்து வந்தன. பசை இன்னும் பாகாகவே இருந்தது. பைப்படியில் உடம்பு கழுவிக்கொண்டிருந்த எமில் அங்கிள், "லிங்கண்ணே, வில்லு சளி பிடிச்சுப் போய்க் கிடக்கு, கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க," என்றார். அவருக்கு அந்தக் கூத்தில் என்ன பங்கென்று நான் இன்னும் சொல்லவில்லை. எமில் அங்கிள்தான் செபஸ்தியார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர், நல்ல தொந்தி, அதைவிட நல்ல குரல். செபஸ்தியாரின் பாட்டெல்லாம் அவருக்கு மட்டும்தான் பாடம்.

சளி பிடித்த வில்லுக்குச் சூடு வேண்டும். எங்கள் தெருமுனையில் விறகு எரிக்கிற பேக்கரி இருந்தது. பாண் சுட்டுச் சுட்டு இராப்பகலாக ஆறாத அந்தப் போறணை அடுப்பின் மேல்தட்டில் வில்லை வைக்க அப்பா பேக்கரி முதலாளியிடம் கேட்டார். அவர் சிங்களவர், தமிழை வளைத்து அழகாகப் பேசுவார். "வை, வை லிங்கம். ஆனா என்ட பாண்ல அந்த மணம் வந்தா, ஒன்னயும் நான் போறணைக்குள்ள வைக்கிறது."

மறுபடியும் ஒட்டிச் சுற்றி, பலகையோடு அதைக் கொண்டுபோக வேண்டும். அது சோதனைச் சாவடிகளும் சுற்றிவளைப்பும் இருந்த காலம். இரண்டு தமிழர் ஆளுயர வில்லோடு தெருவில் போவது யோசிக்க வேண்டிய விஷயம். அப்பா அதைப் பாயில் சுருட்டினார். அம்மா பார்த்துவிட்டு, "இப்பதான் பயமாக் கிடக்கு. திறந்தே கொண்டு போங்கோ," என்றா. திறந்தே கொண்டுபோனோம். முனையில் நின்ற ஆமிக்காரர் துவக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு என்னவென்று கேட்க, அப்பா, "பல்லியே நாட்யயட, மஹத்தயா," கோவில் நாடகத்துக்கு, என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆமிக்காரர் ரியூப் சுற்றிய அந்தப் பொருளை மேலும் கீழும் பார்த்து, இதனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று தீர்மானித்தவர்போலக் கையை அசைத்தார்.

ஒரு கிழமை பாணோடு பாணாக வெந்து வந்த வில், கல்லாக இறுகியிருந்தது. வெள்ளை, மண்ணிறம், கறுப்பு என்று பக்கவாட்டில் மூன்று கோடு நுனிவரை ஓடியது. நுனிகளில் வெட்டு விழுத்தி, நைலோன் நூலைப் பலமடங்காக முறுக்கி, அண்ணாவியார் கோவிலிலிருந்து கொண்டுவந்த மெழுகுதிரித் துண்டுகளால் தேய்த்து நாணேற்றினோம். அப்பா அன்று சாப்பிடும்போதுகூட அதைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

சோதித்துப் பார்க்க, மரத்தூள் நிரப்பிய சாக்கு ஒன்றைக் கக்கூசுச் சுவரோடு நிறுத்தினோம். என்னால் ஒரு சாணுக்கு மேல் இழுக்க முடியவில்லை. அப்பாவே வாங்கி, பல்லைக் கடித்து இழுத்து விட்டார். மூங்கிலில் சீவிக் கூராக்கிய அம்பு சாக்கின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கக்கூசுக் கதவில் "டொக்" என்று குத்தி நின்று ஆடியது. உள்ளேயிருந்து ஒரு அலறல். பிறகு எமில் அங்கிளின் குரல்:

"அடேய்! நான் சாகிறது தை மாசமடா! இண்டைக்கில்ல!"

சாரத்தை ஒரு கையிலும் வாளியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது தோட்டமே கூடிவிட்டது. கதவின் உட்பக்கத்தில் அம்பின் முனை விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அதை அவர் தொட்டுப் பார்த்தார். சிரித்துக்கொண்டு வந்த முகம் மெல்ல மாறியது.

"லிங்கண்ணே, நீங்க நல்ல மனுசன். வில்லும் நல்ல வில்லு. ஆனா இதுக்கு முன்னால நான் நிக்க மாட்டன். செபஸ்தியாருக்குப் பெண்சாதி பிள்ளை இல்ல. எனக்கு நாலு பேர் இருக்கு."

மேடையில் அம்பு அவர் மேல் படப்போவதில்லை. தூணுக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு, அதற்குள்ளால் போய் திரைக்குப் பின்னாலிருக்கும் மணல் மூட்டையில் குத்த வேண்டும். அதே நேரத்தில் அவருடைய தோல்நிறப் பெனியனுக்குள் மடித்துவைத்த பொய் அம்புகளை, பின்னால் இருப்பவர் நூலை இழுத்து நிமிர்த்துவார். இதையெல்லாம் அப்பா எடுத்துச் சொன்னார். "அம்புக்கு அது தெரியுமோ?" என்று எமில் அங்கிள் கேட்டார். அவர் இல்லாமல் கூத்தில்லை. பிரம்பு வில்லுக்குத் திரும்பினால் மறுபடியும் சிரிப்பு.

அண்ணாவியார் வந்து என்னை வில்லைப் பிடிக்கச் சொல்லி, தோட்டத்தின் மறுகரையில் போய் நின்று பார்த்தார். நான் மூச்சைப் பிடித்து இழுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"லிங்கம், இது வளையவே இல்லையே. அங்க நிண்டு பாத்தா உன்ர பொடியன் உலக்கையோட மல்லுக்கட்டுற மாதிரித்தான் கிடக்கு. ஆரையும் கொல்லுற வில்லு எனக்கு வேண்டாம் ராசா. கடைசி வாங்கு வரிசையில இருக்கிற கிழவிக்கும் வளையிறது தெரியிற வில்லுத்தான் வேணும்."

எங்கே பிழைத்தது என்று அப்பாவுக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் பெட்டி அடித்தவர். கப்பலில் எறிந்தாலும் லொறியில் போட்டாலும் அசையக் கூடாது, வளையக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. வில்லையும் ஒரு பெட்டியாகவே செய்துவிட்டார். இனி அதைச் சுரண்டி மெலிதாக்க வேண்டும். கை அதற்கு வரவில்லை. அவர் அதுவரை செய்த எதையும் வாங்கியவர்கள் உடைத்துத்தான் திறந்தார்கள். உடைக்காமல் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளென்று அவர் கையால் பிறந்தது அது ஒன்றுதான். அதன் பலத்தைத் தன் கையாலேயே குறைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டு நாள் வில் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. மூன்றாம் நாள் வேலையால் வந்து, தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல், உடைந்த போத்தல் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு குந்தினார். கித்துள் பக்கம் கறுப்புச் சுருளாக உதிரத் தொடங்கியது. கொஞ்சம் சுரண்டியதும் வில்லின் நடுவைச் சுவரில் அடித்த கட்டையில் தொங்கவிட்டு, நாணில் கட்டிய கயிற்றை நான் கீழே இழுக்க, அவர் தள்ளிப்போய் நின்று பார்ப்பார். "வில்லின்ர இடது கை விறைப்பு. விடு." மறுபடியும் சுரண்டல். "இப்ப வலது. விடு." சுவரில் கரியால் கோடு போட்டு இரண்டு கையும் ஒரே அளவாக இறங்குகிறதா என்று பார்த்தார். ஒரு கீறல் கூடினாலும் கித்துள் தேய்ந்து நடுப்பலகை வெளியே வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று, "இடது விறைப்பு! வலது விறைப்பு!" என்று அவரைப்போலவே சொல்லிக் கூத்தடித்தார்கள். ஒரு பின்னேரம் அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "இழு" என்றார். நாண் என் காதுவரை வந்தது. வில் பிறைபோல வளைந்து நின்றது. திரும்பிப் பார்க்கிறேன், அப்பா வாயைத் திறந்தபடி நிற்கிறார். அவருடைய முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், இருக்கவில்லை.

எமில் அங்கிள் அப்போதும் நம்பவில்லை. "முதல்ல நீங்க நில்லுங்க பாப்பம்," என்றார். அப்பா போய்ச் சுவரோடு நின்றார். அவருக்கு ஒரு கை தள்ளிச் சாக்கு. அம்பு முனையில் துணிப்பந்து கட்டியிருந்தோம். விட்டேன். சாக்கின் நடுவில் போய் முட்டி விழுந்தது. கண் இமைக்கவேயில்லை என்று அப்பா பிறகு எல்லோரிடமும் சொன்னார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றார், நான் பார்த்தேன்.

திருநாளன்று, இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டுமென்று, விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிப் பின்னேரத்திலேயே வைத்தார்கள். அம்மா காலையில் மாரியம்மன் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு, அப்படியே இங்கே வந்து செபஸ்தியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினா. "ரெண்டு பக்கமும் கதைச்சு வைச்சிருக்கிறன். நீ பயப்பிடாத மோனை."

என் முறை வந்தது. வந்தேன், நின்றேன். தூணில் எமில் அங்கிள் வெற்று மார்பாகத் தெரிகிற பெனியனோடு, வியர்த்து வடிந்து, என்னைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வையில் நடிப்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. முன்வரிசைப் பொடியன்கள் சிரிப்பதற்கு ஆயத்தமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் இழுத்தேன். வில் மெல்ல மெல்ல வளைந்தது. பொத்திய கைகள் கீழே இறங்கின. மூன்று மரமும் சேர்ந்து மூச்சுவிடுவதுபோல ஒரு சின்ன முனகல் என் காதுக்கு மட்டும் கேட்டது. விட்டேன்.

நாணின் ஒலி போய்த் திரையில் பட்டுத் திரும்பியது. அம்பை யாரும் காணவில்லை. பெனியனில் அம்புகள் நிமிர்ந்தன, எமில் அங்கிளின் தலை சாய்ந்தது. ஒரு சத்தமில்லை. அண்ணாவியார் தாளம் போட மறந்து நின்றார். அந்த அமைதிக்குள், பெண்கள் பக்கத்திலிருந்து, அம்மாவின் குரல் அடக்க முடியாமல் வெடித்தது:

"முருகா!"

கத்தோலிக்கக் கோவில் வளவில், செபஸ்தியார் சாகிற நேரத்தில், அப்படி ஒரு கூப்பாடு. அதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த அன்ரி ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்க, வரிசை வரிசையாக அழுகை பின்னால் போனது. அண்ணாவியார் தாளத்தை இடுப்பில் செருகிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எமில் அங்கிள், "அக்கா, வேதசாட்சியா மோட்சம் போகப் பாத்தன், உங்கட முருகன் பாதி வழியில மறிச்சுப்போட்டார்," என்று அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அன்றைய சந்தோஷத்தில் நாங்கள் ஒன்றை மறந்துபோனோம். வேலை முடிந்தால் வில்லின் நாணைக் கழற்ற வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளும் தவறாமல் கழற்றிய அப்பா, அன்று யார் யாரோ கையைப் பிடித்துக் குலுக்கியதில் அப்படியே விட்டுவிட்டார். நாணேற்றியபடியே கோவில் சாமான் அறைக்குள் போன வில், ஒரு வருடம் அங்கே வளைந்து நின்றே உயிரை விட்டது. அடுத்த தை மாதம் எடுத்தபோது நாணைக் கழற்றினாலும் நிமிரவில்லை. வேறு செய்ய நாளில்லை. அதையே கொண்டுபோய், அதே இடத்தில் நின்று, இழுத்து விட்டேன். அம்பு நாலடி போய், களைத்ததுபோல, மத்தளக்காரரின் மடியில் விழுந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கட்டுண்டு நின்ற செபஸ்தியாருக்குத் தொந்தி குலுங்கியது. நான் அண்ணாவியாரைத்தான் பயந்து பயந்து பார்த்தேன். அவர் தாளத்தை இரண்டு கையிலும் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தாச்சு தம்பி, போன வருசம் பாத்தாச்சு. இனிச் சிரிக்கட்டும்," என்று மேடையிலேயே எனக்குச் சொன்னார்.

இப்போது நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கதவு, யன்னல் பொருத்துகிற வேலை. அண்ணாவியாரும் அப்பாவும் எமில் அங்கிளும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அந்தக் கோவிலில் கூத்து ஆடி எத்தனையோ வருடம். ஆடத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் பிறநாடுகளில் இருக்கிறார்கள். போன மாதம் வேலையாகக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனபோது, தோட்டம் இருந்த இடத்தைப் பார்க்கலாமென்று நடந்தேன். அண்ணாந்து பார்க்க வேண்டிய மாடிவீடுகள் எழும்பியிருந்தன. பைப்படி இருந்த இடத்தில் கார்கள் நின்றன. கேற்றில் இருந்த காவற்காரர் யாரைத் தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஒருவரையும் இல்லை என்றேன்.

நான் நின்ற இடத்திலிருந்து கணக்குப் பார்த்தால், எமில் அங்கிள் கக்கூசிலிருந்து வாளியோடு வெளியே வந்த இடம் காவற்காரருடைய நாற்காலி போட்டிருந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. என்ன சிரிப்பு என்று அவர் சந்தேகமாகக் கேட்டார். சொல்லத் தொடங்கினால் முடியாது என்பதால், கையை அசைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ்சில் ஏறினேன்.